‘எவரையும் எதிர்பார்க்காதே’ எழுதிய ராக்கையா

வானத்துக்கு ஏணி போடு, மலையைப் பெயர்த்து வை என்றெல்லாம் ஊருக்கு எழுதிக் கொடுத்த ராக்கையா அண்ணன், தனக்கென்று கடைசியில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தங்கை ஜக்கம்மாள் தனக்கு முந்திக் கண்ணை மூடிவிட்டால், பிறந்த வீட்டுக் கோடியை அவள்மேல் தன் கையால் போர்த்த வேண்டும். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால், உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். எந்தப் பெண்ணும் வாய்விட்டுக் கேட்காமலே வந்து சேருகிற சேலை அது. அதைப் போட அனுமதி உண்டா என்று கேட்க, எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் ஜீப்பு ஏறி மலைக்குப் போனார். அந்தக் கதிக்கு அவரை ஆளாக்கியது அவர் எழுதிய புத்தகம்.

இன்றைக்கு செல்போனைத் திறந்தால் கோட்டுப் போட்ட பையன்கள் ‘எழுந்திரு, ஓடு, ஜெயி’ என்று கத்துகிறார்கள். அவர்கள் அப்பாக்களுக்கே மீசை முளைக்காத காலத்தில், போடி ஜீப்பு நிறுத்தத்தில் ஊதுபத்திக் கட்டுகளுக்கும் வெற்றிலைக் கூடைகளுக்கும் நடுவே, சணல் கயிற்றில் வரிசையாகத் தொங்கின அண்ணனின் புத்தகங்கள். ‘சிகரச்செல்வன்’ என்று புனைபெயர். ‘கூச்சத்தைக் கொல்’, ‘தலையணையை விட்டு எழு’, ‘கங்காணிக்கும் அஞ்சாதே’ என்று உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னப் புத்தகங்கள். விடியலில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை உருவி மடியில் செருகிக்கொள்வார்கள். வளைந்து வளைந்து போடிமெட்டு ஏறி முடிப்பதற்குள் படித்துத் தீர்த்துவிடலாம். மேலே போய் இறங்கும்போது எல்லோருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். மேகத்துக்குள் கூலியாள் யார், முதலாளி யார் என்று தெரியாமல் கணக்கப்பிள்ளைகள் திண்டாடினார்கள். தேவாரம் பக்கத்தில் ஒரு கொம்பன் யானை ‘கூச்சத்தைக் கொல்’லைக் கட்டோடு தின்றுவிட்டு, அன்றிலிருந்துதான் பகலிலேயே வாழைத்தோட்டத்துக்குள் இறங்கப் பழகியது. இது நான் கிளப்பிவிட்ட கதைதான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து அண்ணனே ஒரு மேடையில் அதை உண்மை என்று சொன்னார். நான் கீழே உட்கார்ந்து கைதட்டினேன்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளித்தான் அவர் இருந்தார். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. சட்டையை உதறினால்கூட ஏலக்காய் மணக்கும். வல்லினம் மிகுமா மிகாதா என்ற சந்தேகம் வந்தால் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வருவார். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். ஒற்றைத் திருத்துவேன், கருத்தில் கை வைக்க மாட்டேன்.

எவரையும் எதிர்பார்க்கக் கூடாது என்ற அந்தக் கருத்து அவருக்கு எங்கே பிடிபட்டது என்பதும் எனக்குத் தெரியும். சொந்த ஊர் சிலமலை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு, அண்ணனும் தங்கையும் சித்தப்பா வீட்டு வாசலில் சோற்றுக்காக நின்றார்கள். உள்ளே எல்லோரும் சாப்பிட்டு ஏனம் கழுவுகிற சத்தம் கேட்டபிறகுதான் இவர்களைக் கூப்பிடுவார்கள். சில நாள் கூப்பிடவும் மாட்டார்கள். ஒரு நாள் அண்ணன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, போடிக்கு நடந்தே வந்துவிட்டார். ‘இனிமே ஒருத்தன் வாசல்ல நிக்கக் கூடாது ஜக்கு’ என்று சொன்னாராம். நடக்க முடியாமல் அவள் அழுதபோது தோளில் தூக்கிக்கொண்டாராம். பெரியவளாகி மலைத்தோட்டத்தில் வேலை பார்த்த சுருளியைக் கட்டிக்கொண்டு போன பிறகும், ஜக்கம்மாள் இதை அடிக்கடி சொல்வாள்.

அண்ணன் கல்யாணம் கட்டவில்லை. ‘எவரையும் எதிர்பார்க்காதவருக்கு எந்த மாமனார் பெண் கொடுப்பார்’ என்று நான் கேலி செய்வேன்.

‘எவரையும் எதிர்பார்க்காதே’தான் அவருடைய முதல் புத்தகம், பேர் வாங்கிக் கொடுத்த புத்தகமும் அதுதான். அச்சாபீசில் முன்பணம் கேட்டார்கள். அண்ணனிடம் இல்லை. மலையிலிருந்து சந்தைக்கு வந்த ஜக்கம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, காதிலிருந்த கம்மலைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். புத்தகம் வந்தது. முன்னுரையின் முதல் வரி: ‘இந்நூல் எவருடைய உதவியும் இன்றி வெளிவருகிறது.’ அதைப் படித்த ஜக்கம்மாள், வேப்பங்குச்சி செருகிய காதைத் தடவிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏண்ணே, என் காது உனக்கு எவரோ?”

“அது நடைக்காக எழுதினது ஜக்கு. அப்படி எழுதினாத்தான் படிக்கிறவனுக்கு ஏறும்.”

“ஏறுது, ஏறுது. எனக்கே கம்மலைக் கழட்டினது மறந்துபோச்சு.”

அவள் சிரித்ததால் அவரும் சிரித்தார். அந்த வரி அடுத்தடுத்த பதிப்புகளிலும் அப்படியே இருந்தது.

அவர்களைப் பிரித்தது வேறு. ஜக்கம்மாளின் மகள் அனுசியா பெரிய மனுஷியானாள். சடங்குக்கு நாள் வைத்தார்கள். எங்கள் பக்கம் சடங்கு என்றால் தாய்மாமன்தான் எல்லாம். மாமன் கொண்டுவந்த பட்டைக் கட்டினால்தான் பெண்ணை மனையில் உட்காரவைப்பார்கள். அண்ணனும் பட்டு எடுத்து, வளையலும் பூந்தட்டும் வாங்கி வீட்டில் வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளிப்பச்சைப் பட்டு.

அதற்கு முந்தின வாரம் உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு வாலிபர் மன்றத்தில் அவருடைய பேச்சு. பேசி முடித்ததும் கூட்டத்தில் ஒருவன் எழுந்தான்.

“அய்யா, உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு, மாமன் சீர் எதிர்பார்க்கிறது பிச்சை எடுக்கிற மாதிரின்னு எங்க வீட்டுல நான் வேணாம்னு சொல்லிட்டேன். ஒங்க தங்கச்சி மகளுக்கும் சடங்காமே. நீங்க சீர் கொண்டு போவீகளா, மாட்டீகளா?”

கூட்டம் சிரித்தது. ‘அது வேறப்பா, அவ என் தங்கச்சி’ என்று சொல்லியிருந்தால் இன்னொரு தடவை சிரித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“போகமாட்டேன்! ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுதுறவன் நான் இல்ல. என் தங்கச்சியும் எவரையும் எதிர்பார்க்க மாட்டா!”

கொட்டகை அதிர்ந்தது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் பட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தார். நான் போய்ச் சண்டை போட்டேன். ‘எழுதினது நான்தானே, நானே மீறினா அது வெறும் தாள்தானே’ என்றார். அவருக்கு வாய் சொன்னதை வயிறு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அன்றைக்குச் சாப்பாட்டைத் தொடவே இல்லை என்று மெஸ்காரர் சொன்னார்.

சடங்குக்கு நான் போயிருந்தேன். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகிற வழியில் ஏலத்தோட்டம். தோட்டக் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு முன்னால் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஜக்கம்மாள் ரோடு தெரிகிற மேட்டில் போய் நின்றுகொண்டாள். கீழே ஜீப்பு உறுமும்போதெல்லாம், ‘அந்தா, எங்கண்ணன் வண்டி. சத்தத்தை வச்சே சொல்லுவேன்’ என்பாள். வண்டி வரும். தட்டுமுட்டுச் சாமான் லோடு இருக்கும், வேலையாட்கள் இருப்பார்கள், அவர் இருக்க மாட்டார். மேடைப் பேச்சைப் பற்றி அவளிடம் சொல்ல எங்கள் யாருக்கும் நா எழவில்லை. நல்ல நேரம் கடந்துகொண்டே இருந்தது. கடைசியில் கங்காணி வேலுச்சாமி தலைப்பாகையை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார்.

“புள்ளைய எம்புட்டு நேரம் ஈரத்தோட ஒக்கார வைப்பீக? நானும் மாமன் முறைதான், தள்ளுங்க. ஏ, வீட்டுல போயி நம்ம பெட்டியில இருக்கிற சேலைய வெரசாக் கொண்டா!”

வேலையில் இம்மி பிசகினாலும் ஏசுகிற மனிதர். அவர் சம்சாரத்தின் பழைய கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு அனுசியா மனையில் உட்கார்ந்தாள்.

எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது, ஜக்கம்மாள் வண்டிவரை வந்தாள். யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அழவில்லை.

“அண்ணனைப் பார்த்தாச் சொல்லுக்கா. புத்தகம் சரியாத்தான் எழுதியிருக்கு. நான்தான் சரியாப் படிக்காமச் சிரிச்சுட்டுத் திரிஞ்சேன். இனிமே படிக்கிறேன்.”

படித்தாள். அவ்வளவு ஒழுங்காக அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் வேறு யாரும் கிடையாது. சுருளி கல்லீரல் கெட்டு இறந்தபோது அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. விதவையாகும் பெண்ணுக்கும் பிறந்த வீட்டில் கோடி போட வேண்டும், அதற்கும் காத்திருக்கவில்லை. பிள்ளைகளைப் படிக்கவைத்தாள், அனுசியாவை நர்சாக்கினாள். எந்த உதவி வந்தாலும் சாயா கொடுத்து, நாலு நல்ல வார்த்தை பேசித் திருப்பி அனுப்பினாள். அண்ணன் கொடுத்துவிட்ட தீபாவளிச் சேலைகளும் அப்படித்தான் திரும்பி வந்தன. திட்டி அனுப்பியிருந்தால் அவர் தேறியிருப்பார். ‘எழுத்தாளர் சௌக்கியமா?’ என்று மரியாதையாக விசாரித்து அனுப்பினாள்.

அண்ணன் அதற்குப் பிறகும் எழுதினார், ஆனால் புத்தகங்களில் பழைய வேகம் இல்லை. ‘கோபத்தை வெல்’ என்று ஒன்று, ‘மன்னிப்பின் மகிமை’ என்று ஒன்று. ஜீப்பு நிறுத்தத்தில் யாரும் உருவவில்லை. ஜனங்களுக்கு முதல் புத்தகம்தான் வேண்டும். அதை நிறுத்திவிடலாம் என்று பார்த்தார். அச்சாபீஸ்காரர், ‘நீங்க நிறுத்தினா நான் வேற பேர்ல போடுவேன் அண்ணே’ என்று சிரித்தார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாரடைப்பு வந்து பிழைத்து எழுந்ததும், என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலைக்குப் போனார். ஜக்கம்மாளுக்கும் உடம்பு முடியாமல்தான் இருந்தது. இடுப்பு விழுந்து, அனுசியாவின் வீட்டோடு இருந்தாள். எங்களைக் கண்டதும் தலையைச் சீவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

“வாங்க, வாங்க.”

“என்ன ஜக்கு, என்னைய ‘வாங்க’ங்கிற?”

“பெரிய மனுசருகளை வேற எப்படிக் கூப்பிடுறதாம்? அனுசியா, எழுத்தாளருக்குச் சாயா போடு. சர்க்கரையைக் கேட்டுப் போடு.”

அவர் சுற்றி வளைக்கவில்லை.

“எனக்கு உங்கிட்ட ஒண்ணு வேணும். நான் முந்திக்கிட்டா சோலி முடிஞ்சுச்சு. நீ முந்திக்கிட்டா, கோடியை நான்தான் போடணும். பிள்ளைககிட்டச் சொல்லி வையி.”

ஜக்கம்மாள் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். அனுசியா இழுத்த தகரப்பெட்டியில், மேலாக மடித்து வைத்திருந்தது அரக்குச் சேலை. பச்சை பார்டர்.

“பொறந்த வீட்டுக் கோடி. நானே எடுத்து வச்சுட்டேன். நல்லாருக்கா?”

“நீ எதுக்கு ஜக்கு இதைப் போயி...”

“எட்டாம் பக்கத்துல போட்டிருக்கே? ‘உனக்கு வேண்டியதை நீயே தேடிக்கொள்.’ பூப்பாறைக் கடையில கேட்டான், யாருக்கும்மான்னு. எங்கண்ணன் எடுத்துக் குடுக்கிறதுன்னு சொல்லிட்டேன். வெறுமனே எனக்குன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு.”

சாயா ஆடை கட்டிப்போகும்வரை அவர் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். 

“அப்ப நான் வரலாமா, வரக் கூடாதா?” என்றார்.

“வழி கெடக்கு, ஜீப்பு ஓடுது. வர்றவங்களை வராதன்னு சொல்ல நான் யாரு? நான் எதிர்பார்க்க மாட்டேன், அம்புட்டுத்தான்.”

அதை அனுமதி என்று அவர் எடுத்துக்கொண்டார். கீழே இறங்கியதும் போடிக் கடைவீதியில் ஒவ்வொரு கடையாக ஏறி, ஒரு சேலை எடுத்தார். கிளிப்பச்சை.

இந்த வருஷம் ஆடி மழையில் ஜக்கம்மாள் போய்விட்டாள். அனுசியாதான் போன் செய்தாள். “அம்மா யாருக்கும் சொல்ல வேணாம்னுதான் சொல்லிச்சு. எனக்கு மனசு கேட்கலை. வர்றதுன்னா வாங்க மாமா.”

சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் ஜீப்பில் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். ஓட்டியவன் அருண்பாண்டி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற பையன். பாதி மலையில் மண் சரிந்து வழி மறித்திருந்தது. மண்ணை அள்ளும்வரை வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அருண்பாண்டி பொழுது போகப் போனைப் போட்டான். கோட்டுக்காரப் பையன் ஒருவன், பின்னால் மத்தளம் முழங்க, கத்தினான்: ‘எவரையும் எதிர்பார்க்காதே! உனக்காக எவரும் காத்திருக்கப் போவதில்லை!’

அண்ணன் நிமிர்ந்தார். பக்கம் மூன்று, இரண்டாவது பத்தி. எழுத்து மாறாமல் அவருடையது.

“செம பேச்சு தாத்தா,” என்றான் அருண்பாண்டி. “இதைக் கேட்டுத்தான் எங்கப்பாகூடப் பேச்சை நிறுத்தினேன். இன்னிக்குச் சொந்த வண்டி.”

“அப்பா எங்கப்பா இருக்காரு?”

“சிலமலையிலதான். ஏன் தாத்தா?”

“அதை அமத்துப்பா. கெஞ்சிக் கேட்டுக்கிறேன், அமத்து.”

பொழுது இறங்குகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பாடை கட்டி, நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்து வந்து, குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். வாசலிலும் வரப்பிலும் ஏலச்செடிகளுக்கு இடையிலும் ஜனம் உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. கிழவர் ஒருவர் எங்களைக் கண்டதும் எழுந்தார். “பொறந்த வீடு வந்தாச்சு. எந்திரிங்கப்பா” என்றார்.

அத்தனை பேரும் இவருக்காகத்தான் காத்திருந்தார்கள். அது புரிந்தபோது அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

அவர் சேலையைப் பிரித்துக்கொண்டு முன்னே போனார். அனுசியா தாயின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து, அந்தக் கிளிப்பச்சையின் மேல் கையை வைத்தாள்.

“இது வேணாம் மாமா.”

“அம்மா வரலாம்னு சொன்னாளேம்மா...”

“வரலாம்னுதான் சொல்லிச்சு. கோடி வாங்கிக்கிறேன்னு சொல்லலை. என் சேலை என்மேல கெடக்கணும்னு நேத்துக்கூட என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சு. அந்தப் பேச்சை நான் தட்ட மாட்டேன்.”

கிழவர் குறுக்கே வந்தார். “ஏத்தா, கூடப் பிறந்தவன் கோடி இல்லாமத் தூக்குறது எந்த ஊர் வழக்கம்?”

அனுசியா உள்ளே போய் அரக்குச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அண்ணனிடம் நீட்டினாள்.

“இதை நீங்க போடுங்க மாமா. உங்களைப் போடச் சொல்லிச்சான்னு கேட்காதீங்க. சொல்லலை. இது நானா செய்யிறது.”

அவரால் மடிப்பைப் பிரிக்கவே முடியவில்லை. ஒரு நுனியை நான் பிடித்தேன். தங்கை தனக்கென்று வாங்கி வைத்திருந்த சேலையை, தலை தொட்டுக் கால்வரை போர்த்தினார். பச்சை பார்டர் சரியாக விழவில்லை என்று இரண்டு தடவை இழுத்துச் சரிசெய்தார். காதுப்பக்கம் வந்தபோது மட்டும் கை நின்றது. பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள்.

“தப்பா எழுதிட்டேன்த்தா,” என்றார் அனுசியாவிடம்.

“தப்பில்லை மாமா. நல்ல புத்தகம்தான். அம்மா அதை வச்சுத்தான் எங்களை ஆளாக்குச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “ஆனா எங்க வீட்டுல யாருக்கும் ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்க வராது. எனக்கும் வராது. என் மகனுக்கும் வராது. அம்மா இடுப்பு வலியையே எங்கிட்டச் சொல்லலை. நான் நர்சு.”

பாடை ஏலக்காட்டு வழியே இறங்கிப் போனது. அண்ணனும் கூடப் போய்த் திரும்பி வந்து குளித்தார். கிளம்புகிற நேரத்தில் அருண்பாண்டி பையைப் பார்த்துத் தயங்கினான். கோடிக்கென்று எடுத்த துணியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, வண்டியில் ஏற்றவும் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கட்டிக்கொள்ள உயிருள்ள யாரிடமும் கொடுக்கவும் முடியாது. அண்ணன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஜீப்பு உறுமிக்கொண்டிருந்தது.

“இங்கேயே வச்சுட்டுப் போறேனேத்தா,” என்றார். யாரிடமும் எதையும் கேட்காதே என்று ஊருக்கெல்லாம் எழுதியவர் கேட்டார். “ஒரு ஓரமா இருக்கட்டும்.”

“வச்சு என்ன செய்யிறது மாமா?”

“தெரியலத்தா.”

அனுசியா பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே கொண்டுபோகவில்லை. கதவுக்கு வெளியே சுவரில் அடித்திருந்த ஆணியில், மழைக்கோட்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணனோடு போனபோது பார்த்தேன். சேலை அங்கேயே தொங்கியது. சாரல் அடித்து பாலிதீன் உறைக்குள் நீர் கோத்திருந்தது. அண்ணன் அதைத் துடைக்கக் கையை நீட்டினார். பிறகு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் துடைக்கலாம் என்று, அனுசியா வெளியே வருவதற்காகக் காத்து நின்றார்.